நாள் தள்ளிப்போனால் நஞ்சுக்கொடிக்கு என்ன ஆகிறது?

குடியாத்தத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "தங்கச்சிக்குக் கொடுத்த தேதி தாண்டி அஞ்சு நாள் ஆகிறது, இன்னும் வலி வரவில்லை. ஸ்கேனில் நஞ்சுக்கொடி கிரேடு 3, கால்சியம் படிந்திருக்கிறது என்கிறார்கள். தினமும் சாப்பிட்ட கால்சியம் மாத்திரைதான் காரணமா?"

திசு முதிரும்போது தானாகப் படிவது அது. மாத்திரையைப் பழி சொல்லி நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். கிரேடு என்பது 1979இல் வந்த ஓர் அளவுகோல். ஸ்கேன் படத்தில் எவ்வளவு வெள்ளைத் திட்டு தெரிகிறது என்பதைத்தான் அது சொல்லும். நிறைமாதத்தில் பலருக்கும் கிரேடு 3 வருகிறது, அதை மட்டும் வைத்துக் குழந்தைக்கு ஆபத்து என்று முடிவு கட்ட முடியாது. கவனிக்க வேண்டிய முதுமை ஸ்கேன் கண்ணுக்கு எட்டாத இடத்தில் நடக்கிறது.

நிறைமாத நஞ்சுக்கொடி சுமார் அரைக் கிலோ இருக்கும். உள்ளே மரக்கிளை போலப் பிரிந்து பிரிந்து போகும் நுண்விரல்கள் தாயின் இரத்தத்தில் மூழ்கி நிற்கின்றன. அவற்றின் பரப்பை விரித்தால் 12 சதுர மீட்டர் அளவுக்கு வரும். அந்தப் பரப்பு முழுவதையும் போர்த்தியிருப்பது ஒரே ஒரு செல்! நடுவில் சுவரே கிடையாது, ஒரே குழம்பில் கோடானுகோடி உட்கருக்கள். செல்லுக்கும் செல்லுக்கும் இடையே சந்து இருந்தால்தானே கிருமி நுழையும்? இங்கே சந்தே இல்லை.

அடியில் இருக்கும் சின்னச் சின்ன செல்கள் ஒன்றோடொன்று இணைந்துதான் இந்தப் போர்வை உண்டாகிறது. இணைக்கும் புரதத்தின் பெயர் சின்சிடின். 2000ஆம் ஆண்டில் அதைப் பற்றி எழுதிய ஆய்வாளர்கள், அதன் மரபணு ஒரு வைரஸிலிருந்து வந்தது என்று காட்டினார்கள். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதைக் குரங்கினத்தைத் தொற்றிய வைரஸ் அது. செல்லுக்குள் புக அது வைத்திருந்த கருவியைக் கொண்டுதான் நாம் ஒவ்வொருவரும் கருவில் உயிர் வளர்த்தோம். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

இந்தப் போர்வையில் உள்ள உட்கருக்கள் பிரிந்து பெருகாது. அடியிலிருந்து புதுசாக வந்து சேர்வதுதான் புதுப்பிப்பு. வாரங்கள் ஏற ஏற, பழைய உட்கருக்கள் ஒரு மூலையில் முடிச்சு முடிச்சாகக் குவிகின்றன. சில நுண்விரல்களைச் சுற்றி, இரத்தத்தை உறையவைக்கும் ஃபைப்ரின் என்ற புரதம் படிந்து அவை வேலையை நிறுத்துகின்றன. ஒரே நாளில் எல்லாம் நின்றுவிடாது, கையிருப்புதான் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைகிறது.

நஞ்சுக்கொடி வழியாக வரும் ஆக்சிஜன் குறைந்தால் குழந்தை இரத்தத்தை மூளைக்கும் இதயத்துக்கும் திருப்பிவிடும். சிறுநீரகத்துக்குப் போவது குறையும், சிறுநீர் குறையும். பனிக்குட நீரில் பெரும்பகுதி குழந்தையின் சிறுநீர்தான். "தண்ணி வத்திப்போச்சு" என்று நம் வீடுகளில் சொல்கிறோமே, நாள் தாண்டிய கர்ப்பத்தில் பல நேரம் அதன் பின்கதை இதுதான். நீர் குறைந்தால் தொப்புள்கொடி நசுங்க இடமாகிறது. அதனால்தான் தேதி தாண்டினால் நீர் அளவையும் இதயத்துடிப்பையும் மறுபடி மறுபடி பார்க்கிறார்கள்.

கடைசி மாதவிடாயிலிருந்து 280 நாள் என்பது கணக்கு. 294 ஆனால் நாள் கடந்த கர்ப்பம். தேதி உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 41 வாரம் நிறைந்ததும் வலி வரவழைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. "கங்கையம்மன் சிரசு திருவிழாவுக்கு முன்னாடி தலைக்கு ஊத்தினேன்" என்று சொன்னால் ஒரு வாரம் இப்படி அப்படி ஆகும், முதல் மூன்று மாத ஸ்கேன் இருந்தால் அதையே நம்புங்கள். அப்புறம், அஷ்டமி போகட்டும், நல்ல நட்சத்திரம் வரட்டும் என்று மருத்துவர் குறித்த நாளைத் தள்ளுவது எனக்குக் கோபத்தைத்தான் தருகிறது. அந்தச் செல் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை.

அமெரிக்காவில் 2014இல் நஞ்சுக்கொடிக்கென்றே ஓர் ஆய்வுத் திட்டம் தொடங்கினார்கள். 1900இல் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு மருத்துவமனை ஆரம்பித்த நம் வேலூரில் தினமும் எத்தனை பிரசவம்! நஞ்சுக்கொடிகள் மருத்துவக் கழிவுக்கான மஞ்சள் பையில் போகின்றன. யாருக்கும் வலிக்காமல் கிடைக்கும் இந்தத் திசுவைப் படிக்க அரசு பணம் ஒதுக்க வேண்டும்.

சரி, தங்கச்சி விஷயம். இன்னும் இரண்டு நாளில் 41 வாரம் நிறைகிறது. அதற்குள் ஒருமுறை காட்டி, எப்போது சேர வேண்டும் என்று கேட்டுக்கொள்ளுங்கள். நடுவில் குழந்தையின் அசைவு குறைந்த மாதிரி தோன்றினால் காலைவரை காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிட்டு உடனே கிளம்புங்கள்.