மனச்சோர்வு, மனப்பதற்றம்: சொல் விளக்கம்

டிப்ரஷன் என்பதை 'மன அழுத்தம்' என்று எழுதுவது நம் செய்திகளில் பழகிவிட்டது. ஸ்ட்ரெஸ்ஸுக்கும் அதே சொல்தான். சில சமயம் ஆங்சைட்டிக்கும் அதையே போட்டுவிடுகிறார்கள். மூன்றுக்கும் ஒரே சொல் என்றால், தனக்கு என்ன செய்கிறது என்று ஒருவர் டாக்டரிடம் எப்படிச் சொல்வார்?

டிப்ரஷன் என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குக் 'கீழே அழுத்துதல்' என்று பொருள். தமிழில் 'அழுத்தம்' வந்து ஒட்டிக்கொள்ள இதுவும் காரணமாக இருக்கலாம். ஆனால் கடன், தேர்வு, மேலதிகாரி என்று வெளியிலிருந்து வரும் நெருக்கடியைத்தான் நாம் அழுத்தம் என்கிறோம். அது ஸ்ட்ரெஸ். டிப்ரஷனோ வெளிக்காரணம் எதுவும் தெரியாமலும் வரும். பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போகும். சோர் என்றால் தளர்தல், வாடுதல். மனச்சோர்வு என்பதே சரியான சொல்.

ஆங்சைட்டியின் இலத்தீன் வேருக்கு 'நெரித்தல், இறுக்குதல்' என்று பொருள். நெஞ்சுவலியைக் குறிக்கும் ஆஞ்சைனாவும் அதே குடும்பம். "நெஞ்சு படபடங்குது, மூச்சு முட்டுது" என்று நம்மவர்கள் சொல்வதும் இதையேதான். பதறு என்ற வினையிலிருந்து வந்த பதற்றம், மனப்பதற்றம் இதற்குப் பொருந்தும். இலங்கையில் பதகளிப்பு என்றும் எழுதுகிறார்கள்.

சொற்கள் இரண்டு. ஆனால் நோய்கள் அவ்வளவு தெளிவாகப் பிரிந்து நிற்பதில்லை. தூக்கக் கேடு, அசதி, கவனம் நிற்காமை, இருப்புக்கொள்ளாமை எல்லாம் இரண்டிலும் உண்டு. தூக்கத்திலேயே ஒரு வேறுபாடு தெரியும்: பதற்றக்காரருக்குப் படுத்தால் தூக்கம் வராது, சோர்வுக்காரர் பலருக்கு விடியுமுன்பே விழிப்பு வந்துவிடும். பதற்றம் "அப்படி ஆயிட்டா என்ன பண்றது?" என்று கேட்கும். சோர்வோ "எது ஆனா என்ன" என்று சொல்லும். 1991இல் கிளார்க், வாட்சன் என்ற உளவியலாளர்கள் இதைப் பிரித்துக் காட்டினார்கள்: மனவேதனை இரண்டுக்கும் பொது, மகிழ்ச்சி வற்றுவது சோர்வின் அடையாளம், உடல் படபடப்பு பதற்றத்தின் அடையாளம்.

ஒன்று இன்னொன்றை வளர்க்கவும் செய்யும். பயந்து கல்யாணத்துக்குப் போகாமல், நண்பர் போனை எடுக்காமல் இருப்பவருக்கு முதலில் நிம்மதியாக இருக்கும். அப்புறம் பேச ஆளில்லை, சந்தோஷப்பட எதுவுமில்லை. சோர்வு வந்து உட்காரும். சோர்ந்து கிடப்பவருக்கோ செய்யாத வேலைகள் குவியும், அதைப் பார்த்தாலே பதற்றம். 'பதறாத காரியம் சிதறாது' என்பார்கள். ஆனால் நோயாக வந்த பதற்றம் அறிவுரையில் அடங்காது. "தைரியமா இரு" என்பதோடு நிறுத்திவிடாதீர்கள்.

இரண்டும் சேர்ந்திருந்தும் எதுவும் தனி நோயாகும் அளவை எட்டாத நிலைக்கு, உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் தனிப் பெயரே இருக்கிறது. அதைக் 'கலப்புச் சோர்வு-பதற்றக் கோளாறு' எனலாம். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே வகை மருந்துகள், பேசியே குணப்படுத்தும் ஒரே வகை உளவியல் சிகிச்சை. ஆனால் சோர்வோடு கடும் பதற்றம் சேரும்போது தற்கொலை ஆபத்து கூடுகிறது. ஆகவே டாக்டரிடம் இரண்டையும் சொல்லுங்கள்; ஒன்றைச் சொல்லி மற்றதை விழுங்கிவிடாதீர்கள். இந்தியாவில் இருப்பவர்கள் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம்.