விவாகரத்து வாங்கியாச்சு, வீட்டுக் கடன்?

போன மாதம் சேலம் அஸ்தம்பட்டியில் உள்ள என் வக்கீல் அலுவலகத்துக்கு ஓர் ஆசிரியை வந்தார். மகளின் கல்லூரிக் கட்டணத்துக்கு வங்கியில் கடன் கேட்டிருக்கிறார். சிபில், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறோமா என்று காட்டும் மதிப்பெண், சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம்.

"நான் எங்கேயும் ஒரு ரூபா பாக்கி வைக்கலையே மேடம்."

சிபில் அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். 2019-இல் அவரும் கணவரும் சேர்ந்து அழகாபுரத்தில் வீடு வாங்க எடுத்த 32 லட்சம் ரூபாய் கடன் அதில் இருந்தது. மாதத் தவணை 27,800 ரூபாய். மூன்று தவணைகள் தாமதம்.

விவாகரத்தாகி ஒன்றரை வருடம் ஆகிறது. முன்னாள் கணவருக்குச் செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை. வெள்ளி விலை ஏறி ஆர்டர் குறைந்ததும் தவணை தள்ளிப் போயிருக்கிறது. "வீட்டில் எனக்குப் பங்கு வேண்டாம், கடனை அவரே கட்டிக்கொள்வார்" என்று இருவரும் சேர்ந்து விவாகரத்து கேட்கும் பரஸ்பர சம்மத மனுவில் இந்த அம்மா எழுதிக் கொடுத்திருந்தார். சண்டை சச்சரவில்லாமல் முடிந்த வழக்கு. இப்படிச் சுமுகமாக முடியும் வழக்குகளில்தான் வங்கியை எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

மனுவில் எழுதிய அந்த வரி அவர்கள் இருவரையும்தான் கட்டுப்படுத்தும். வங்கி அந்த வழக்கில் கட்சிக்காரரே இல்லை. சேர்ந்து வாக்குக் கொடுத்தவர்களில் யாரிடம் வேண்டுமானாலும் முழுத் தொகையையும் கேட்கலாம் என்கிறது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 43-ஆவது பிரிவு. ஆளுக்குப் பாதி என்ற பேச்சு வங்கியிடம் எடுபடாது. கட்டியவர் மற்றவரிடம் வசூலித்துக்கொள்ளலாம்தான், ஆனால் அதற்கு இன்னொரு வழக்கு போட வேண்டும். நிலுவை 90 நாளைத் தாண்டினால் வாராக்கடன். அப்புறம், அடமான வீட்டை நீதிமன்றம் போகாமலே வங்கி கைப்பற்ற வழி செய்யும் 2002-ஆம் ஆண்டு சர்ஃபாசி சட்டப்படி 60 நாள் நோட்டீஸ், இரண்டு பேருக்கும்.

பத்திரத்தில் இருக்கும் பெயர் வேறு, கடனில் இருக்கும் பெயர் வேறு. ஒன்றை எடுத்தால் மற்றது தானாகப் போகாது. வீட்டை விட்டுக்கொடுத்துவிட்டுக் கடனில் மட்டும் மாட்டிக்கொண்டு நிற்பவர்களை வருடத்துக்கு நாலைந்து பேராவது பார்க்கிறேன்.

அதனால் குடும்ப நீதிமன்றத்துக்குப் போவதற்கு முன் இரண்டு பேரும் சேர்ந்து ஒருமுறை வங்கிக்குப் போங்கள். வீட்டை வைத்துக்கொள்பவரின் வருமானம் தனியாக அந்தக் கடனைத் தாங்குமா என்றுதான் வங்கி முதலில் பார்க்கும். தாங்காவிட்டால் அண்ணனோ அப்பாவோ கூட்டுக் கடன்தாரராகச் சேர வேண்டியிருக்கும், அல்லது வேறு வங்கிக்குக் கடனை மாற்ற வேண்டும். மாறும் வட்டியில் தனிநபர் எடுத்த வீட்டுக் கடனை முன்கூட்டியே முடிக்க அபராதம் கிடையாது. எதுவும் ஒத்துவரவில்லையா, விற்றுக் கடனை அடைத்துவிட்டு மீதியைப் பிரித்துக்கொள்வதுதான் நல்லது. "ராசியான வீடு" என்று பிடித்து வைத்துக்கொண்டு தவணைக்குத் திண்டாடுவதில் எனக்கு உடன்பாடில்லை.

பரஸ்பர சம்மத மனுவில் முதல் கட்டத்துக்கும் இரண்டாம் கட்டத்துக்கும் நடுவே பொதுவாக ஆறு மாதம் கிடைக்கிறது. வங்கி வேலையை அதற்குள் முடிக்கலாம். வங்கி சம்மதித்தால், வீட்டில் தன் பங்கை ஒருவர் மற்றவருக்கு விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தையும் அப்போதே பதிவு செய்துவிடுங்கள். குடும்பத்தாருக்குள் எழுதினால் முத்திரைத் தீர்வையில் சலுகை உண்டு. தீர்ப்பு வந்துவிட்டால் நீங்கள் கணவன் மனைவி இல்லையே!

ஆசிரியை விஷயத்தில், பட்டறைக்காரரின் அண்ணன் கையெழுத்துப் போட முன்வந்தார். கடன் வேறு வங்கிக்கு மாறியது. பழைய வங்கியில் நிலுவை இல்லை என்ற சான்றை ஆசிரியை வாங்கி, ஒரு நகலை என் கோப்பிலும் வைத்துவிட்டுப் போனார். ஆனால் தவணை கட்டிய விவரம் சிபில் அறிக்கையில் 36 மாதத்துக்குத் தெரியும். அந்த மூன்று தாமதங்களும் இன்னும் அதில்தான் இருக்கின்றன. மகளின் கட்டணத்துக்கு இப்போதைக்கு வளையலை அடகு வைத்திருக்கிறார்.