வண்டிக்குள் ஒலிக்கும் அலுவலகம்

"அண்ணே, எங்க வந்துட்டிருக்கீங்க? இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?"

சரக்கு வண்டி ஓட்டுபவர், பழுது பார்க்கப் போகும் டெக்னீஷியன், ஊர் ஊராகச் சுற்றும் விற்பனைப் பிரதிநிதி என்று சாலையில் வேலை பார்க்கும் எல்லோருக்கும் பழகிப்போன கேள்வி இது. கேட்பவருக்கு ஐந்து வினாடி வேலை. அந்த ஐந்து வினாடியில், பதில் சொல்பவரின் தலைக்குள் நிறைய நடக்கிறது. கடைசியாக எந்தச் சந்திப்பைத் தாண்டினோம் என்று நினைவுபடுத்த வேண்டும். மீதி வழியை மனதுக்குள் வரைந்து பார்க்க வேண்டும். எங்கே நெரிசல் இருக்கும் என்று கணிக்க வேண்டும். அப்புறம், உள்ளதைச் சொல்வதா, பத்து நிமிடம் குறைத்துச் சொல்வதா என்றும் முடிவு செய்ய வேண்டும். இதே நேரத்தில் முன்னால் போகும் வண்டிக்கும் தன் வண்டிக்கும் இடைவெளி எவ்வளவு என்று கணித்துக்கொண்டே இருப்பதும் அதே மூளைதான்.

கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் இதை மூளை ஸ்கேன் கருவிக்குள் வைத்தே பார்த்தார்கள். படுத்த நிலையில் திரையில் தெரியும் சாலையில் வண்டி ஓட்டியவர்களிடம், சில வாக்கியங்களைக் காதால் கேட்டு அவை சரியா தவறா என்று மட்டும் சொல்லச் சொன்னார்கள். கையில் போன் இல்லை, உரையாடல்கூட இல்லை. வெறும் கேட்டல்தான். அப்போதே, இடத்தையும் தூரத்தையும் கணிக்கும் வேலையில் பங்கெடுக்கும் மூளைப் பகுதியின் (பரைட்டல் மடல்) செயல்பாடு 37 சதவீதம் குறைந்தது. ஓட்டுவதிலும் பிழைகள் கூடின.

போன் பேசிக்கொண்டு ஓட்டுவது ஆபத்து என்று யாருக்கும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் அந்த ஆபத்து கையில் இருக்கிறது என்றுதான் பெரும்பாலான நிறுவனங்கள் நினைக்கின்றன. அதனால் ஊழியர்களுக்கு ப்ளூடூத் ஹெட்செட் வாங்கிக் கொடுத்துவிட்டுப் பிரச்சினை தீர்ந்தது என்று நிம்மதி அடைகின்றன.

கைக்கும் கண்ணுக்கும் பங்கு இல்லாமல் இல்லை. மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் கனரக வாகனங்களுக்குள் கேமரா பொருத்தி, ஓட்டுநர்கள் தங்கள் வழக்கமான வேலையில் என்ன செய்கிறார்கள் என்று பதிவு செய்தது. 2009-இல் வெளியான முடிவுகளின்படி, மெசேஜ் அனுப்பும் ஓட்டுநர் விபத்திலோ, நூலிழையில் தப்பும் நிலையிலோ சிக்கும் வாய்ப்பு 23 மடங்கு அதிகம். அப்படிப்பட்ட தருணங்களை ஆறாறு வினாடித் துண்டுகளாக எடுத்துப் பார்த்தபோது, ஆறில் சராசரியாக 4.6 வினாடி அவர்கள் கண் சாலையில் இல்லை. நெடுஞ்சாலை வேகத்தில் அது நூறு மீட்டருக்கும் மேல். ஆகவே தட்டச்சு செய்வது மிக மோசம், அதில் சந்தேகமே இல்லை.

பேசுவது மட்டும் என்றால்? இங்கேதான் உள்ளுணர்வு நம்மை ஏமாற்றுகிறது.

1997-இல் டொராண்டோவில் இரண்டு ஆய்வாளர்கள் ஓர் எளிய, அழகான வழியைக் கண்டுபிடித்தார்கள். வண்டியில் செல்போன் வைத்திருந்து விபத்தில் சிக்கிய 699 பேரின் போன் பில்களை எடுத்தார்கள். விபத்து நடந்த நேரத்தில் அவர் போனில் இருந்தாரா? அதே மனிதர், முந்தைய நாள் அதே நேரத்தில் போனில் இருந்தாரா? இரண்டையும் ஒப்பிட்டார்கள். ஒரு மனிதரை அவரோடேயே ஒப்பிடுவதால், "அவசரக்காரர்கள்தான் போன் பேசுவார்கள், விபத்துக்குக் காரணம் அவர்கள் சுபாவம்" என்று சொல்லித் தப்பிக்க முடியாது. போனில் இருக்கும்போது விபத்து ஆபத்து சுமார் நான்கு மடங்கு என்று தெரிந்தது. கையில் பிடித்துப் பேசியவர்களைவிட ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசியவர்கள் பாதுகாப்பாக இருந்ததாகத் தெரியவில்லை. 2005-இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில், விபத்துக்குப் பின் மருத்துவமனைக்கு வந்த 456 ஓட்டுநர்களை வைத்து இதே முறையில் ஆராய்ந்தார்கள். அங்கும் நான்கு மடங்கு. அங்கும் ஹேண்ட்ஸ்ஃப்ரீ காப்பாற்றவில்லை.

காரணத்தைத் தேடியவர்களில் முக்கியமானவர் யூட்டா பல்கலைக்கழகத்தின் டேவிட் ஸ்ட்ரேயர். அவர் குழுவினர் ஓட்டுநர்களின் கண் அசைவைப் பதிவு செய்யும் கருவியோடு, சிமுலேட்டரில் (திரையில் சாலையைக் காட்டும் ஓட்டுநர் பயிற்சிக் கருவியில்) வண்டி ஓட்ட வைத்தார்கள். ஹேண்ட்ஸ்ஃப்ரீயில் பேசிக்கொண்டிருந்தவர்களின் கண் சாலையோரப் பலகைகள் மீது சரியாகத்தான் விழுந்தது. பிறகு, எந்தப் பலகைகளைப் பார்த்தீர்கள் என்று சோதித்தபோது, கண் நேராகப் பதிந்த பலகைகளைக்கூட அவர்களால் சரியாக அடையாளம் காட்ட முடியவில்லை. பேசாமல் ஓட்டியவர்கள் அவர்களைவிட நன்றாகவே அடையாளம் காட்டினார்கள். கண் பார்க்கிறது, மூளை பதிவு செய்யவில்லை. விபத்துக்குப் பிறகு "அவர் எங்கிருந்து வந்தார்னே தெரியல சார்" என்று ஓட்டுநர் சொல்லும்போது அவர் பொய் சொல்வதாக நினைக்க வேண்டாம். அவரைப் பொறுத்தவரை அது முழு உண்மையாகவே இருக்கலாம்.

அப்படியானால் பக்கத்து இருக்கையில் இருப்பவரோடு பேசுவதும் இதே போலத்தானே என்று கேட்கத் தோன்றும். இதையும் யூட்டாவில் சோதித்து 2008-இல் வெளியிட்டார்கள். சிமுலேட்டரின் நெடுஞ்சாலையில் ஓட்டிச் சென்று, குறிப்பிட்ட ஓய்விடத்துக்குப் பிரியும் பாதையில் திரும்ப வேண்டும், அவ்வளவுதான் வேலை. போனில் பேசியவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் திருப்பத்தைத் தவறவிட்டார்கள். பக்கத்தில் இருந்தவரோடு பேசிக்கொண்டே போனவர்களில் பெரும்பாலோர் சரியாகத் திரும்பினார்கள். பக்கத்தில் இருப்பவருக்கும் சாலை தெரிகிறது. நெரிசல் வந்தால் அவர் தானாகவே பேச்சைக் குறைக்கிறார், "அதோ, அங்க திரும்பணும்" என்று கைகாட்டுகிறார். அலுவலகத்தில் உட்கார்ந்து அழைப்பவருக்கு, முன்னால் ஒரு லாரி திடீரென்று பிரேக் போட்டது தெரியவே தெரியாது. அவர் அடுத்த ஆர்டர் எண்ணைக் கேட்டுக்கொண்டிருப்பார்.

இன்னொன்று, அழைப்பைத் துண்டித்தவுடன் கவனம் முழுதாகத் திரும்பிவிடுவதில்லை. வாகனங்களில் இருக்கும் குரல் கட்டளைக் கருவிகளை 2015-இல் ஸ்ட்ரேயர் குழு பரிசோதித்தபோது, சில கருவிகளைப் பயன்படுத்தி முடித்த பிறகும் கவனச்சிதறலின் எச்சம் 27 வினாடி வரை நீடித்தது. சிக்னலில் நிற்கும்போதுதானே மெசேஜ் பார்த்தேன் என்பது அவ்வளவு வலுவான சமாதானம் அல்ல.

"எனக்குப் பழகிடுச்சு, ரெண்டையும் பார்த்துக்குவேன்" என்பவர்கள் எல்லா இடத்திலும் உண்டு. அப்படிப்பட்டவர்களை 2010-இல் யூட்டாவில் தேடினார்கள். 200 பேரைச் சோதித்ததில், ஓட்டிக்கொண்டே வேறு மூளை வேலை செய்தும் எதிலும் குறையாமல் நின்றவர்கள் 2.5 சதவீதம் பேர். அதாவது ஐந்து பேர். மீதி 195 பேரில் ஒருவர்தான் நம் வண்டியை ஓட்டுகிறார் என்று வைத்துக்கொண்டுதான் ஒரு நிறுவனம் திட்டமிட வேண்டும்.

சரி, வேலைக்கு வருவோம். சொந்த விஷயமாக ஒருவர் போன் பேசினால், எடுக்கலாமா வேண்டாமா என்பது ஓரளவு அவர் கையில் இருக்கிறது. வேலை நிமித்தமாக அடிக்கும் போன் அப்படியல்ல. அழைப்பவர் சம்பளத்தையும் விடுப்பையும் தீர்மானிக்கிறவர். எடுக்காவிட்டால் மூன்று மிஸ்டு கால், பிறகு வாட்ஸ்ஆப் குழுவில் எல்லோர் முன்னிலையிலும் ஒரு கேள்விக்குறி. நிறுவனத்தின் விதிப் புத்தகத்தில் "வண்டி ஓட்டும்போது போன் பயன்படுத்தக் கூடாது" என்று அச்சடித்து, ஊழியரிடம் கையெழுத்தும் வாங்கியிருப்பார்கள். மாலையில் சூப்பர்வைசர், "மத்தியானம் ஏன் போன் எடுக்கல?" என்று ஒரே ஒரு முறை கேட்டால் போதும், அந்த விதி அன்றோடு செத்துப்போகும். உண்மையான விதி எது என்று ஊழியருக்குப் புரிந்துவிடும்.

ஆகவே என் கருத்தில், இந்த ஆபத்தைக் கட்டுப்படுத்தும் பிடி ஓட்டுநரிடம் இருப்பதைவிட அழைப்பவரிடம்தான் அதிகம் இருக்கிறது. தொழில் பாதுகாப்புத் துறையில் ஒரு வரிசை உண்டு. ஆபத்தையே நீக்க முடியுமா என்று முதலில் பார். முடியாவிட்டால் கருவிகளால் தடு. அதற்கு அப்புறம் விதிமுறை. தனிமனிதரின் எச்சரிக்கையை நம்புவது கடைசியில். இந்த விஷயத்தில் பல நிறுவனங்கள் வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன. ஸ்டிக்கர், அரை நாள் பயிற்சி, கையெழுத்துப் படிவம், அத்தோடு முடிந்தது.

நேராகப் பிடித்தால் முதல் கேள்வி, இந்த அழைப்பு எதற்காக? ஒரு வாரம் உட்கார்ந்து, ஓடும் வண்டிகளுக்குப் போன அழைப்புகள் எதைப் பற்றி என்று எழுதிப் பார்த்தாலே பாதி வழி தெரிந்துவிடும். "எங்க இருக்கீங்க" என்பதற்கு ஜிபிஎஸ் பதில் சொல்லும். வண்டியில் அந்தக் கருவி இருந்தும், திரையைத் திறந்து பார்ப்பதைவிட போன் போடுவது சுலபம் என்பதால்தான் பல அழைப்புகள் போகின்றன. வாடிக்கையாளருக்கு ஓட்டுநரின் எண்ணைக் கொடுப்பதற்குப் பதில் அலுவலக எண்ணைக் கொடுக்கலாம். முகவரி மாற்றம், கூடுதல் சரக்கு போன்றவற்றுக்கு, ஓட்டுநர் இறங்கி நிற்கும் இடங்களில் பேசுவதென்று நேரம் குறித்துக்கொள்ளலாம். அந்த நிறுத்தங்களைப் பயண அட்டவணையிலேயே சேர்க்க வேண்டும். பேசுவதற்கு நேரம் ஒதுக்காமல் பேசாதே என்று மட்டும் சொன்னால், ஊழியர் ஓடும் வண்டியில்தான் பேசுவார்.

அப்படியும் அழைக்க நேர்ந்தால், அழைப்பவரின் முதல் வாக்கியம் "வண்டி ஓட்டுறீங்களா?" என்பதாக இருக்க வேண்டும். ஆமாம் என்றால், "நிறுத்திட்டுக் கூப்பிடுங்க" என்று சொல்லி உடனே வைத்துவிட வேண்டும். விளக்கம் கேட்கக் கூடாது, "ஒரு நிமிஷம் மட்டும்" என்று இழுக்கவும் கூடாது. இதை மேனேஜர்கள் முதலில் செய்யாவிட்டால் கீழே யாரும் செய்ய மாட்டார்கள்.

கருவிகள் உதவும், முழுதாகக் காப்பாற்றாது. வண்டி நகர ஆரம்பித்ததும் அறிவிப்புகளை நிறுத்தி, "ஓட்டிக்கொண்டிருக்கிறேன், பிறகு அழைக்கிறேன்" என்று தானே பதில் அனுப்பும் வசதி இன்றைய ஸ்மார்ட்போன்களில் இருக்கிறது. அறிவிப்பு ஒலியைக் கேட்டாலே, போனைத் தொடாவிட்டாலும், கவனம் கலைகிறது என்று ஃப்ளோரிடா ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் 2015 ஆய்வு காட்டியதால், அந்த வசதியை இயக்கி வைப்பது பயனுள்ளது. வழிகாட்டி வரைபடத்தில் போகுமிடத்தைக் கிளம்பும் முன்பே குறித்துவிட வேண்டும். ஆனால் ஊழியர் பையில் சொந்த போன் இன்னொன்று இருக்கும். அதை எந்த மென்பொருளும் பூட்டாது.

சட்டம் அறிவியலுக்கு ஓரடி பின்னால்தான் நடக்கிறது. 2010 மார்ச்சில் அமெரிக்காவின் கென்டக்கியில் ஒரு லாரி நெடுஞ்சாலையின் நடுப்பகுதியைக் கடந்து எதிரே வந்த வேனில் மோதியது. லாரி ஓட்டுநர் உட்பட 11 பேர் இறந்தார்கள். அவர் கவனம் செல்போனில் சிதறியதே காரணம் என்று முடிவு செய்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், வணிக வாகன ஓட்டுநர்களுக்கு ஹேண்ட்ஸ்ஃப்ரீ உட்பட எல்லா செல்போன் பயன்பாட்டையும் தடை செய்யச் சொன்னது. 2012-இல் நடைமுறைக்கு வந்த விதி கையில் பிடித்துப் பேசுவதை மட்டுமே தடுத்தது. இருந்தாலும் அதில் ஒரு நல்ல அம்சம் உண்டு. அப்போது அபராதம் ஓட்டுநருக்கு 2,750 டாலர் வரை என்றால், நிறுவனத்துக்கு 11,000 டாலர் வரை. பிரிட்டனில் 2003 டிசம்பரில் வந்த தடையும், ஓட்டுபவரோடு நிற்காமல், அவரை அப்படிச் செய்ய வைப்பவரையும் அனுமதிப்பவரையும் சேர்த்தே குற்றவாளி என்றது.

விதி வேலை செய்கிறதா என்று பார்க்க, அலுவலகப் போன் பதிவையும் வண்டியின் ஜிபிஎஸ் பதிவையும் நேரவாரியாகப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும். பேச்சின் உள்ளடக்கம் தேவையில்லை. வண்டி ஓடிக்கொண்டிருந்தபோது எத்தனை அழைப்புகள் போயின என்று தெரிந்துவிடும். அந்த எண்ணிக்கையை ஓட்டுநர் பெயரில் எழுதாமல், அழைத்தவர் பெயரில் எழுத வேண்டும். மாதக் கூட்டத்தில் அதை எல்லோர் முன்னும் வைத்தால், விபத்து வரும்வரை காத்திருக்காமலே யார் பழக்கம் மாற வேண்டும் என்று புரியும். விபத்து நடந்துவிட்டால், விசாரணை "அவர் ஏன் எடுத்தார்" என்பதோடு நிற்காமல், "நாம் ஏன் அழைத்தோம்" என்பது வரை போக வேண்டும்.

செயலி வழியாக வேலை வாங்கும் டெலிவரி, வாடகை வண்டி நிறுவனங்களில் அழைப்பவர் மனிதர்கூட இல்லை. ஓடும் வண்டியின் திரையில் புது ஆர்டர் வந்து விழுகிறது. சில வினாடிகளில் ஏற்காவிட்டால் அது வேறொருவருக்குப் போய்விடும், வருமானமும் போய்விடும். பார்க்காதே என்று அந்த ஊழியருக்கு எத்தனை முறை பாடம் எடுத்தாலும் அவர் பார்ப்பார், பார்த்துத்தான் ஆக வேண்டும். வண்டி நகர்கிறதா நிற்கிறதா என்பது அந்தப் போனுக்கே தெரியும், வேகத்தைக் கணிக்கும் வசதி அதற்குள்ளேயே இருக்கிறது. வண்டி நின்ற பிறகு ஆர்டரைக் காட்டும்படியும், அதுவரை எண்ணும் கடிகாரத்தை நிறுத்தி வைக்கும்படியும் செயலியை வடிவமைக்க முடியும். அந்தத் தாமதத்தை ஊழியரின் மதிப்பெண்ணில் கழிக்காமல் நிறுவனம் தன் கணக்கில் ஏற்றுக்கொள்ளத் தயாரா என்பதில்தான் இழுபறி இருக்கிறது.