பக்கத்து வீட்டு நாய் ரோட்டில் நின்றால்: நாய்க்குப் பயப்படுகிறவர்களுக்குச் சட்டம் தரும் வழிகள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் ஒரு வீட்டு நாய்க்காகத் தங்கள் வழியையே மாற்றிக்கொண்டவர்கள் பலர். சுற்றிப்போய் டியூசனுக்குச் சேரும் பிள்ளைகள் இருக்கிறார்கள். விடியற்காலையில் கோயிலுக்கோ பள்ளிவாசலுக்கோ நடந்து போவதை நிறுத்திவிட்ட முதியவர்கள் இருக்கிறார்கள். அந்த வீட்டைக் கடக்கும்போது சைக்கிளில் காலைத் தூக்கிக்கொள்ளும் பெண்களும் இருக்கிறார்கள். கேட்டால் நாய்க்காரர் சொல்லும் பதில் எங்கும் ஒன்றுதான்: "அது ஒண்டும் செய்யாது."

நாய்க்குப் பயப்படுவது வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை. ஆனால் முறைப்பாடு என்று வரும்போது பயத்தை முன்னால் வைக்காதீர்கள். "எனக்குப் பயம்" என்று சொன்னால், பழகினால் சரியாகிவிடும் என்று உங்களுக்கே புத்தி சொல்வார்கள். "உங்கள் நாய் கட்டில்லாமல் பொது வீதியில் நிற்கிறது, போகிறவர்களைத் துரத்துகிறது" என்று சொல்லுங்கள். அப்போது பதில் சொல்ல வேண்டியவர் நாய்க்காரர் ஆகிறார். சட்டமும் அந்தப் பக்கத்திலிருந்துதான் பார்க்கிறது.

நாய்களுக்கென்று இலங்கையில் இரண்டு பழைய கட்டளைச் சட்டங்கள் இருக்கின்றன. 1901ஆம் ஆண்டின் 25ஆம் இலக்க நாய்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, நாய் வளர்ப்பவர் அதை ஒவ்வொரு ஆண்டும் உள்ளூராட்சி சபையில் பதிய வேண்டும். 1893ஆம் ஆண்டின் விசர்நோய்க் கட்டளைச் சட்டம், நோய்ச் சந்தேகம் உள்ள நாய்களைக் கட்டுப்படுத்த அதிகாரிகளுக்கு அதிகாரம் தருகிறது. இவற்றிலுள்ள அபராதங்கள் அந்தக் காலத்துக் கணக்கில் போடப்பட்டவை, இன்று யாரையும் பயமுறுத்தாது. ஆனாலும் பதிவை நான் முக்கியமாக நினைக்கிறேன், ஏனென்றால் நம் ஊர்களில் பாதி நாய்களுக்கு யார் சொந்தக்காரர் என்பதே தகராறு. சோறு வைப்பது ஒரு வீடு, படுப்பது இன்னொரு வீட்டு வாசலில், கடித்துவிட்டால் "அது கட்டாக்காலி, எங்கட இல்லை" என்று எல்லோரும் கைவிரிப்பார்கள். பதிவும் தடுப்பூசி அட்டையும் இருந்தால் அந்தக் கைவிரிப்புக்கு இடமில்லை.

மூன்றாவது தண்டனைச் சட்டக்கோவை. தன் வசம் உள்ள விலங்கினால் மனித உயிருக்கு ஆபத்தோ பாரதூரமான காயமோ நேரக்கூடும் என்ற நிலையில், அதைத் தடுக்கப் போதிய ஏற்பாடு செய்யாமல் தெரிந்தோ கவனக்குறைவாகவோ விடுவது குற்றம். கடித்த பிறகுதான் குற்றம் என்று இல்லை என்பதைக் கவனியுங்கள். அதே நேரம் வெறுமனே குரைப்பது இதில் அடங்காது. மோட்டார் சைக்கிளைத் துரத்தி ஆளை விழுத்துவது, பிள்ளைமேல் பாய்வது, முன்பே ஒருவரைக் கடித்த நாயைத் திரும்பவும் அவிழ்த்துவிடுவது போன்றவைதான் இதற்குள் வரும்.

இவை தவிர அந்தந்த சபையின் உபவிதிகள், அதாவது சபை தன் எல்லைக்குள் போடும் விதிகள். மட்டக்களப்பு, கல்முனை, அக்கரைப்பற்று மாநகர சபைகள், ஏறாவூர், காத்தான்குடி, அம்பாறை நகர சபைகள், மற்ற இடங்களில் பிரதேச சபைகள் என்று ஒவ்வொன்றும் தனித்தனி நிர்வாகம். ஒரு சபைக்கு உள்ள உபவிதி அடுத்த சபைக்கு இருக்க வேண்டும் என்று இல்லை. உங்கள் சபையில் நாய் பற்றி என்ன உபவிதி இருக்கிறது, பதிவு நடக்கிறதா, கடைசியாகத் தடுப்பூசி முகாம் எப்போது நடந்தது என்பதை 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் எழுதிக் கேட்கலாம். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தன் தீர்மானத்தைச் சொல்ல வேண்டும். காரணம் சொல்லாமலே கேட்கலாம். தூங்கிக் கிடக்கும் ஒரு விஷயத்தை இந்த ஒரு கடிதமே மேசைக்குக் கொண்டுவந்துவிடும்.

சரி, எங்கே தொடங்குவது? நாய்க்காரரிடமிருந்துதான். நேரே பொலிசுக்குப் போனால் அப்புறம் அந்த ஒழுங்கையில் இருபது வருடம் முகம் பார்க்காமல் வாழ வேண்டிவரும். நாய் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, அல்லது படலைக்கு வெளியே நின்றே, பேசுங்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தால் இருவருக்கும் தெரிந்த பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். "அண்ணே, உங்கட நாய் காலையில ரோட்டுலதான் நிக்குது. பிள்ளை பள்ளிக்குப் போகமாட்டன் எண்டு அழுறாள். ஏழு மணியிலிருந்து எட்டு மணி வரைக்கும் மட்டும் கேற்றைப் பூட்டி வையுங்க" என்று நேரத்தைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். நாயை ஒழித்துவிடுங்கள் என்றால் யாரும் இறங்கி வரமாட்டார்கள். ஒரு மணி நேரம் கேற்றைப் பூட்டுவது எவராலும் முடிந்த காரியம். காத்தான்குடியும் ஆரையம்பதியும் போலத் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்து வாழும் எல்லைகளில் இன்னொன்றும் உண்டு. நாயின் எச்சில் பட்டால் கழுவித் துப்புரவாக வேண்டும் என்பது முஸ்லிம் அயலவர்களின் மார்க்க ஒழுங்கு. தொழுகைக்குப் போகிறவரின் உடையை நாய் முகர்ந்தாலே அவருக்குச் சிரமம். கடிக்காத நாய்தானே என்ற பதில் அங்கே போதாது.

பேசிப் பலன் இல்லை என்றால் குறித்து வைக்கத் தொடங்குங்கள். ஒரு கொப்பியில் திகதி, நேரம், நாய் எங்கே நின்றது, என்ன செய்தது, யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். நாய் வீதியில் நிற்கும் படத்தை வீதியில் நின்றே எடுங்கள். அவர்கள் வளவுக்குள் கமராவைத் திருப்ப வேண்டாம், அது வேறு சண்டையாகிவிடும். உங்களைப் போலவே அவதிப்படும் இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து கையெழுத்து வைத்தால் முறைப்பாட்டின் எடை கூடும்.

அடுத்தது சபைக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் கடிதம். சபைக்குப் பதிவும் உபவிதியும் பொறுப்பு. பணிமனையின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர், நாம் பி.எச்.ஐ. என்று சொல்கிறவர், விசர்நோய்த் தடுப்பு என்ற வழியில் அந்த வீட்டுக்குப் போகக்கூடியவர். என் அனுபவத்தில் பலருக்கு இதுதான் வேலை செய்திருக்கிறது. அயலவர் சொன்னால் கோபப்படுகிறவர், பி.எச்.ஐ. வந்து "தடுப்பூசி அட்டையைக் காட்டுங்கள்" என்றால் அன்று பின்னேரமே வேலியில் உள்ள ஓட்டையை அடைக்கிறார். கடிதம் ஒரு பக்கத்துக்குள் இருக்கட்டும்: எந்த வீதி, எந்த வீட்டு நாய், எந்தெந்தத் திகதிகளில் என்ன நடந்தது, பதிவும் தடுப்பூசியும் உண்டா என்று பார்க்கும்படியும் நாயை வளவுக்குள் வைக்க அறிவுறுத்தும்படியும் வேண்டுகோள். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்கள் பிரதியில் திகதி முத்திரை குத்தி வாங்குங்கள். முத்திரை இல்லாத கடிதத்தைப் பற்றி அடுத்த மாதம் கேட்டால் கிடைக்கவில்லை என்பார்கள்.

"நாயைப் பிடித்துக்கொண்டு போங்கள்" என்று மட்டும் எழுத வேண்டாம். பிடித்துக் கொல்வதை அரசாங்கம் 2006இல் நிறுத்தியது. அதன் பிறகு தடுப்பூசியும் கருத்தடையும்தான் கொள்கை. அதனால் கருத்தடை முகாம் கேளுங்கள், அந்த நாயை அதில் சேர்க்கச் சொல்லுங்கள். செப்டெம்பர் 28, உலக விசர்நோய் தினம். அதை ஒட்டிய நாட்கள் தடுப்பூசி முகாம் கேட்பதற்கு நல்ல நேரம்.

துரத்தி விழுத்தியது, கடித்தது, அல்லது நாய்க்காரர் மிரட்டினார் என்றால் பொலிசில் என்ட்றி போட வேண்டும். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், குறிப்பாக அம்பாறை மாவட்டத்தவர்களுக்கு. தமிழும் அரசகரும மொழி. கிழக்கு மாகாணத்தில் அது நிர்வாக மொழியும் கூட. உங்கள் வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லிக் கேட்பது உங்கள் உரிமை. விளங்காத மொழியில் எழுதியதில் கையெழுத்து வைக்காதீர்கள். தமிழ் தெரிந்த உத்தியோகத்தர் இல்லை என்றால், எப்போது இருப்பார் என்று கேட்டு அப்போது போங்கள், அல்லது தமிழிலேயே எழுதிய முறைப்பாட்டைக் கையில் கொண்டுபோய்க் கொடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தையும் திகதியையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படியான அயல் தகராறு பெரும்பாலும் மத்தியஸ்த சபைக்குத்தான் போகும். நம் பக்கத்தில் பலர் இணக்க சபை என்று சொல்வது இதைத்தான். 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின்படி இயங்குவது, சட்டத்தரணி தேவையில்லை, பெரும்பாலும் சனி, ஞாயிறில் ஒரு பாடசாலையில் கூடும். பொலிஸ் அனுப்பாமல் நீங்களே விண்ணப்பிக்கவும் முடியும். மூன்று மத்தியஸ்தர்கள் இரு பக்கமும் கேட்பார்கள், தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். ஆகவே என்ன வேண்டும் என்று நீங்கள் தெளிவாகப் போனால்தான் பயன். பாடசாலை விடும் நேரத்திலும் தொடங்கும் நேரத்திலும் நாயைக் கட்டி வைப்பது, கேற்றுக்குத் தாழ்ப்பாள், கிடுகு வேலியில் நாய் நுழையும் இடத்தில் கம்பி வலை, ஆண்டுத் தடுப்பூசி அட்டையின் பிரதி, இவையெல்லாம் கேட்கக்கூடியவை. இருபத்துநான்கு மணி நேரமும் சங்கிலியில் கட்டச் சொல்லாதீர்கள். அப்படிக் கிடக்கும் நாய் இன்னும் மூர்க்கமாகும், அவிழ்ந்தால் முதலில் மாட்டுப்படுவது நீங்கள்தான். ஒத்துக்கொண்டதை எழுத்தில் வாங்குங்கள். இணக்கம் வரவில்லை என்றால் அதற்கான சான்றிதழ் தருவார்கள். நீதிமன்றத்துக்குப் போகும்போது அது வேண்டும்.

நஞ்சு வைப்பதை மட்டும் யோசிக்கவே வேண்டாம். பிறர் நாயைக் கொல்வது குற்றம், 1907ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டமும் இருக்கிறது. அந்த இறைச்சித் துண்டை அடுத்த வீட்டுப் பிள்ளை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்பதை நினைத்தாலே போதும்.

நாய் எதிரில் வந்துவிட்டால் ஓடாதீர்கள். நின்று, கண்ணை உற்றுப் பார்க்காமல், பையையோ குடையையோ நடுவில் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல விலகுங்கள். சைக்கிளில் போகிறவர் இறங்கி, சைக்கிளை நாய்க்கும் தனக்கும் நடுவில் வைத்து உருட்டிப் போகலாம். பிள்ளைகளுக்கு இதை வீட்டிலேயே செய்து பார்க்கப் பழக்குங்கள். பயத்தில் இருக்கும்போது சொன்னது ஞாபகம் வராது, உடம்பு பழகியது வரும்.

கடித்தால், கீறினால், புண்ணில் நாய் நக்கினால், முதல் வேலை ஓடும் தண்ணீரிலும் சவர்க்காரத்திலும் 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு, கோப்பித்தூள் எதையும் அப்ப வேண்டாம், பார்வை பார்க்கப் போய் நேரத்தைப் போக்கவும் வேண்டாம். நோய்க்குறி தெரிந்த பிறகு விசர்நோயிலிருந்து ஆளைக் காப்பாற்ற முடிவது மிக மிக அரிது. ஆனால் நேரத்தோடு ஊசி போட்டால் தடுக்கலாம். மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலை, அம்பாறைப் பொது வைத்தியசாலை போன்ற அரச வைத்தியசாலைகளில் சிகிச்சை இலவசம். 1990 அம்பியூலன்சும் இலவசம். எந்த ஊசி, எத்தனை என்பதை வைத்தியர் தீர்மானிப்பார், அடுத்தடுத்த திகதிகளைத் தவறவிடக்கூடாது. நாயை யாரும் அடித்துக் கொல்ல விடாதீர்கள். பத்து நாள் முதல் இரண்டு வாரம் அதைக் கட்டிவைத்துப் பார்த்தால்தான் நோய் உண்டா என்று தெரியும். வைத்தியசாலை தரும் அட்டையையும் போக்குவரத்து, மருந்துச் செலவுச் சிட்டைகளையும் பத்திரப்படுத்துங்கள்.

அந்தச் சிட்டைகள் நட்டஈட்டு வழக்குக்கு வேண்டும். நாய்க்காரர் நாயின் குணம் தெரிந்திருந்தும் கவனிக்காமல் விட்டார் என்று காட்ட முடிந்தால் வழக்கு பலப்படும். நீங்கள் முன்பு எழுதிய கொப்பியும் முத்திரை குத்திய கடிதமும் அப்போதுதான் கைகொடுக்கும், ஏனென்றால் அவருக்கு முன்பே தெரியும் என்பதற்கு அவைதான் சாட்சி. சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லாதவர்கள் மட்டக்களப்பில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்தில் ஆலோசனை கேட்கலாம். வருமானம் குறைந்தவர்களுக்கு அங்கே இலவசமாக உதவி செய்வார்கள். போகும்போது தேசிய அடையாள அட்டை, என்ட்றி இலக்கம், வைத்தியசாலை அட்டை, மத்தியஸ்த சபைச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பைலில் போட்டுக்கொண்டு போங்கள்.