எறிந்தால் பறக்காது

"மூனு தரம் மேல தூக்கி எறிஞ்சு பாத்தோம் டொக்டர், பறக்க மாட்டேங்குது. எறக்கையில ஏதோ கோளாறு போல."

கோளாறு இறக்கையில் இல்லை ஐயா, அதற்கு இறக்கையே கிடையாது. துவாயில் சுற்றி அவர் கொண்டுவந்தது பறக்கும் அணில் குட்டி. சிங்களத்தில் ஹம்பாவா என்பார்கள். தோட்டத்தில் மரம் வெட்டியபோது பொந்திலிருந்து விழுந்திருக்கிறது. அதில் சிராய்ப்பு மட்டும்தான். கீழ்த்தாடை உடைந்தது சீமெந்து முற்றத்தில், மூன்றாவது எறியில். இரண்டு நாள் சொட்டுச் சொட்டாக ஊட்டிப் பார்த்தேன், போய்விட்டது. இப்படி எறியப்பட்டு என் மேசைக்கு வந்ததில், மூன்று வருடத்தில் இது நான்காவது.

"பறக்கும்" என்று பெயர் வைத்தவரைத்தான் முதலில் திட்ட வேண்டும். வௌவால் பறக்கும், அதன் கையே இறக்கை, அடித்து மேலே ஏறும். இது சறுக்கும், அவ்வளவுதான். மணிக்கட்டிலிருந்து கணுக்கால் வரை விலாவோரமாக உரோமம் மூடிய ஒரு தோல் மடிப்பு. உயரத்துக்கு ஏறி, தானாகக் குதித்து, நாலு காலையும் நீட்டினால் அது பாய் போல விரியும். எதிர்மரத்தில் தாழ்வாகப் போய் ஒட்டிக்கொள்ளும். மறுபடி உயரம் வேண்டுமானால் நகத்தால் ஏறித்தான் ஆக வேண்டும். ஆள் உயரத்துக்கு எறிந்தால் தோல் விரியுமுன் தரை வந்துவிடும். குட்டிக்கோ விரிக்கவே தெரியாது. பூனைக்குட்டியை இப்படி வீசிப் பார்ப்பீர்களா?

இன்னொரு கொடுமை, முன்காலில் கயிறு கட்டுவது. மணிக்கட்டில் வெளிப்பக்கமாக நீட்டிக்கொண்டு மெல்லிய குருத்தெலும்பு ஒன்று இருக்கிறது. தோலின் நுனியை விரித்துப் பிடிப்பது அதுதான். அது முறிந்ததை விரலால் நெருடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். முறிந்ததைக் காட்டில் விட எனக்கு மனம் வருவதில்லை.

இலங்கையில் இரண்டு இனம். பெரியது ஓரளவு கண்ணில் படும். சிறியது உலகத்திலேயே இங்கேயும் இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலையிலும்தான் உண்டு. அழியும் அபாயத்திலுள்ள உயிரினங்களுக்கான சர்வதேச சிவப்புப் பட்டியலில், அச்சுறுத்தல் நிலையை நெருங்கும் வகையில் வைத்திருக்கிறார்கள். தீவில் காடு துண்டு துண்டாகிவிட்டது. நடுவில் இடுப்பளவு தேயிலை. சறுக்கிக் கடக்க மரம் எங்கே?

கீழே கிடந்தால் துவாயால் பிடியுங்கள், கடிக்கும். காட்போட் பெட்டி, பழைய துணி, மூடியில் நாலைந்து துளை, இருட்டான அறை. உடனே வனசீவராசிகள் திணைக்களத்தின் 1992க்கு அழையுங்கள். பசும்பால் வேண்டாம், வேண்டவே வேண்டாம். வயிறு ஊதிக் கழிந்தே பாதிக் குட்டி செத்துவிடும். பகலில் வெளியே விடாதீர்கள், காகம் விட்டுவைக்காது. காயமில்லாத குட்டி என்றால், அவர்களிடம் கேட்டுக்கொண்டு, பொழுதுபட்டதும் பெட்டியைத் திறந்து பக்கத்து மரத்தில் உயரமாகக் கட்டிவையுங்கள். தாய் தேடி வரலாம். நாயைக் கட்டிப்போடுங்கள், டோர்ச் அடித்துக்கொண்டு கீழே கூட்டம் போடாதீர்கள். வளர்க்க ஆசைப்படும் தம்பிமாரே, இரவெல்லாம் விழித்துக் கூட்டைக் கடிக்கிற பிராணி அது. உங்களுக்கும் தூக்கமில்லை, அதற்கும் வாழ்க்கையில்லை.

மரம் வெட்டப் போகிறவர்களிடம் ஒன்று கேட்கிறேன். பொந்துள்ள மரமானால் கோடரியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் நாலு தட்டு தட்டிவிட்டு அண்ணாந்து பாருங்கள். பெரிய கண்ணோடு ஒரு முகம் எட்டிப் பார்த்தால், அந்த ஒரு மரத்தைக் கொஞ்ச நாள் தள்ளிப் போடுங்கள் ஐயா. உள்ளே குட்டி இருக்கலாம்.