கைமாத்துப் பணமும் மூன்று வருடக் கெடுவும்

நண்பருக்குக் கைமாத்தாகக் கொடுத்த பணம் திரும்பி வரவில்லை என்று என் அலுவலகத்துக்கு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது தேதியைத்தான். என்றைக்குக் கொடுத்தீர்கள்? பலருக்குச் சட்டென்று சொல்லத் தெரிவதில்லை. "அவரு தங்கச்சி கல்யாணத்தப்போ சார், மூணு வருஷம் இருக்கும்" என்பார்கள். அந்த "இருக்கும்" என்ற சொல்தான் எனக்குக் கவலை தருகிறது.

1963-ம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, கேட்கும்போது தருகிறேன் என்று வாங்கிய கடனுக்கு, கொடுத்த நாளிலிருந்து மூன்று வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். நீங்கள் கடைசியாகக் கேட்ட நாளிலிருந்தோ, அவர் கடைசியாக "தந்துடுறேன்" என்று சொன்ன நாளிலிருந்தோ இந்தக் கணக்கு ஓடுவதில்லை. 2022 ஜூன் 10 அன்று கொடுத்த பணத்துக்கு, இடையில் எழுத்தில் எதுவும் வாங்காவிட்டால், 2025 ஜூன் 10-ஓடு கெடு முடிந்தது. இன்ன தேதியில் திருப்பித் தருவேன் என்று எழுதிக் கொடுத்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து கணக்கு வரும். நண்பர்களுக்குள் அப்படி எழுதி வாங்குபவர்கள் குறைவு.

வட்டிக்குக் கொடுத்தவர் மாதம் பிறந்தால் வாசலில் நிற்பார். நண்பருக்குக் கொடுத்தவரோ தீபாவளி போகட்டும், பொங்கல் போகட்டும், அவர் வீட்டு விசேஷம் முடியட்டும் என்று தள்ளிப்போடுவார். கேட்டால் மனம் நோகுமே என்ற அந்த நல்ல குணம் அவருக்கே பாதகமாக முடிவதைப் பார்க்கும்போது வருத்தமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வந்தார். உடன் வேலை பார்த்தவருக்கு வங்கி வழியாக நான்கு லட்சம் அனுப்பியிருந்தார். பாஸ்புக்கில் தேதி, தொகை, பெயர் எல்லாம் தெளிவாக இருந்தன. இதைவிட என்ன ஆதாரம் வேண்டும் என்றுதான் அவர் நினைத்தார். நோட்டீஸ் அனுப்பியதும் பதில் வந்தது: "மேற்படி தொகை, அவர் என்னிடம் ஏற்கெனவே வாங்கியிருந்த கடனைத் திருப்பிச் செலுத்தியது." பணம் போனதை வங்கிக் கணக்கு காட்டும். எதற்காகப் போனது என்பதை அது சொல்லாது. கடன்தான் என்று நிரூபிக்கும் பொறுப்பு கொடுத்தவர் தலையில்தான் விழும். அவருக்குக் கைகொடுத்தது பழைய வாட்ஸ்அப் செய்தி ஒன்று: "அக்கா, நீங்க குடுத்த நாலு லட்சத்துல ஒரு லட்சம் தை மாசம் தந்துடுறேன்." தொகை, வாங்கியது, திருப்பித் தருவது மூன்றும் ஒரே வரியில் இருந்தன. இப்படிப்பட்ட செய்தியை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு அழித்துவிடாதீர்கள். போன் மாற்றினாலும் பழைய போனைப் பத்திரமாக வையுங்கள். 2023-ம் ஆண்டின் பாரதிய சாட்சிய சட்டம், பிரிவு 63-ன்படி சான்றிதழோடு தாக்கல் செய்தால்தான் அந்த மின்னணுப் பதிவின் நகல் சாட்சியமாக ஏற்கப்படும்.

ஆனால் கெடுவை நீட்டிக்க வாட்ஸ்அப்பை மட்டும் நம்ப வேண்டாம். காலவரையறைச் சட்டம் பிரிவு 18, கடனை ஒப்புக்கொண்டு எழுதிக் கையெழுத்துப் போட்ட தாளைக் கேட்கிறது. மூன்று வருடம் முடிவதற்குள் அதை வாங்கிவிட்டால், கையெழுத்துப் போட்ட நாளிலிருந்து புதிதாக மூன்று வருடம் கிடைக்கும். நீளமாக எழுத வேண்டியதில்லை: "இன்ன தேதியில் தங்களிடம் நான் கைமாத்தாகப் பெற்ற ரூபாய் மூன்று லட்சத்தில், இன்றுவரை ஐம்பதாயிரம் செலுத்தியுள்ளேன். பாக்கி இரண்டரை லட்சம் நான் தர வேண்டியது உண்மை." தேதி, கையெழுத்து, அவ்வளவுதான். பேச்சுவார்த்தை இருக்கும்போதே, முகம் கொடுத்துப் பேசும்போதே இதை வாங்குங்கள். "வீட்டுல கணக்குக் கேக்குறாங்க, ஒரு தாள் எழுதிக் குடுங்க" என்றால் நல்ல நண்பர் மறுக்கமாட்டார். மறுக்கிறார் என்றால், அன்றைக்கே வழக்கறிஞரைப் பாருங்கள்.

புரோநோட்டு இருந்தால் அதன் பின்பக்கத்தில் வரவு எழுதிக் கையெழுத்து வாங்குவது நம் ஊரில் பழைய வழக்கம். சட்டப்படியும் அது சரியானதே. பகுதிப் பணம் கட்டியதைக் கட்டியவரே எழுதினாலோ, கையெழுத்திட்டாலோ அன்றிலிருந்து புதுக் கெடு. ஜிபேயில் அவ்வப்போது ஐயாயிரம் அனுப்பினார் என்பதை வைத்துக் கெடு நீண்டுவிட்டதாக நிம்மதியாக இருக்காதீர்கள். அதில் அவர் கையெழுத்து எங்கே என்று எதிர்த்தரப்பு கட்டாயம் கேட்கும். நோட்டில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் குறுக்கே கையெழுத்து இருக்க வேண்டும். ஸ்டாம்ப் இல்லாத புரோநோட்டை அபராதம் கட்டிக்கூடச் சரிசெய்ய முடியாது.

கெடு தாண்டிவிட்டதா? ஒரு வழி மட்டும் இருக்கிறது. பழைய கடனைத் தருகிறேன் என்று அவரே புதிதாக எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுத்தால், 1872-ம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் பிரிவு 25-ன்படி அந்த வாக்குறுதி செல்லும். அதற்கு அவர் மனம் வைக்க வேண்டும்.

வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டால் கெடு நின்றுவிடும் என்று பலர் நம்புகிறார்கள். நிற்காது. காவல் நிலையத்தில் மனுக் கொடுத்து சி.எஸ்.ஆர். ரசீது வாங்கினாலும் நிற்காது. வாங்கிய கடனைத் தராமல் இருப்பது மட்டுமே மோசடிக் குற்றம் ஆகிவிடாது. வாங்கும்போதே ஏமாற்றும் எண்ணம் இருந்ததைக் காட்ட வேண்டும். ஸ்டேஷனில் "பேசி முடிக்கலாம்" என்று மாதக்கணக்கில் அலைந்து கெடுவைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். அதைவிட மோசம், கடன் வாங்கியவரின் பைக் சாவியைப் பிடுங்குவது, ஃபேஸ்புக்கில் போட்டோ போட்டுத் திட்டுவது. பணம் கொடுத்தவரே வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராக நிற்க நேரிடும்.

காசோலை வாங்கியிருந்தால் தேதிக் கணக்கு இன்னும் கறாரானது. காசோலையில் உள்ள தேதியிலிருந்து மூன்று மாதத்துக்குள் வங்கியில் போட வேண்டும். திரும்பிய தகவல் வங்கியிலிருந்து வந்த 30 நாளுக்குள் எழுத்து மூலம் நோட்டீஸ். அது கிடைத்த 15 நாளில் அவர் பணம் தராவிட்டால், அடுத்த ஒரு மாதத்துக்குள் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் புகார். புகார் தாமதமானால் காரணம் சொல்லி மன்னிப்புக் கேட்கலாம். நோட்டீஸ் தாமதமானால் அந்த வழியும் இல்லை. இன்னொன்று: மூன்று லட்சத்துக்குக் காசோலை கொடுத்தவர் பிறகு ஐம்பதாயிரம் திருப்பித் தந்திருந்தால், அதைக் காசோலையிலேயே குறிக்காமல் முழுத் தொகைக்கு வங்கியில் போடாதீர்கள். அப்படிப் போட்டால் காசோலை திரும்பியதற்காக மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன்படி போடும் வழக்கு நிற்காது என்று உச்ச நீதிமன்றம் 2022-ல் தீர்ப்பளித்திருக்கிறது.

உரிமையியல் வழக்கு என்றால், தமிழ்நாட்டில் 2017 திருத்தத்துக்குப் பிறகு நீதிமன்றக் கட்டணம் தொகையில் 3 சதவீதம். மூன்று லட்சத்துக்கு ஒன்பதாயிரம். புரோநோட்டு, காசோலை, எழுத்து ஒப்பந்தம் கையில் இருந்தால் சுருக்க விசாரணை வழக்காகப் போடலாம். அதில் எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் எதிர்வாதம் செய்ய முடியும். நட்பு முழுதாக முறியவில்லை என்றால், வழக்குக்கு முன்பே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றத்தில்) தவணை பேசி முடிப்பதையே நான் முதலில் சொல்வேன். கட்டணம் இல்லை. அங்கே ஆகும் சமரசத்துக்கு நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமமான வலு உண்டு, மேல்முறையீடும் கிடையாது. பெண்களுக்கு வருமான வரம்பில்லாமல் இலவச வழக்கறிஞர் கிடைப்பார். 15100 என்ற எண்ணில் கேட்கலாம். அங்கே பேச்சு நடக்கும்போதும் கெடுத் தேதியில் ஒரு கண் இருக்கட்டும்.

தீர்ப்பு வாங்கினாலும் பணம் தானாக வராது. நிறைவேற்றுதல் மனுப் போட வேண்டும். அதற்குப் பன்னிரண்டு வருடம் அவகாசம் உண்டு. மாதச் சம்பளக்காரர் என்றால் முதல் 1,000 ரூபாயையும் மீதியில் மூன்றில் இரண்டு பங்கையும் தொட முடியாது. எஞ்சியதை ஜப்தி செய்யலாம், அதிகபட்சம் 24 மாதம். பி.எஃப்., கிராஜுவிட்டியில் கை வைக்க முடியாது. அவர் பெயரில் வீடோ மனையோ இருந்து, அதை அவசரமாக விற்கப் பார்க்கிறார் என்றால், வழக்கோடு சேர்த்தே தீர்ப்புக்கு முந்தைய ஜப்திக்கு மனுப் போடலாம். எனவே வரும்போது பாஸ்புக், நோட்டு, போன் இவற்றோடு, அவர் வேலை பார்க்கும் இடத்தின் விலாசத்தையும் அவர் சொத்தின் சர்வே எண்ணையும் விசாரித்துக் கொண்டு வாருங்கள். சர்வே எண் இருந்தால் பதிவுத்துறை இணையதளத்திலேயே வில்லங்கம் பார்த்துவிடலாம்.