கீழ்ப்படிதல்: கீழே படிவதா, காது கொடுப்பதா?

டிசம்பர் 31 ராத்திரி சர்ச்சில் ஆராதனை முடிந்ததும், பைபிள் வசனம் ஒவ்வொன்று எழுதிய வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் கவிழ்த்து வைத்துக்கொண்டு வருவார்கள், ஆளுக்கு ஒன்று எடுக்க வேண்டும். பல வருடங்களாகப் பார்க்கிறேன், வரிசையில் நிற்கிறவர்களில் பாதிப் பேர் மனசுக்குள் வேண்டிக்கொள்வது ஒரே வசனத்துக்காகத்தான். "கர்த்தர் உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்; நீ கீழாகாமல் மேலாவாய்." பைபிளில் உபாகமம் 28இல் வருவது. 'செவிகொடுத்தால்' என்ற நிபந்தனை அதோடு ஒட்டிக்கொண்டே வருகிறது, ஆனால் சின்ன அட்டை பாருங்கள், அதற்கு மட்டும் இடம் இருக்காது.

நிபந்தனையைச் சொல்கிற பிரசங்கியார் யாராவது கிடைத்தால் அவர் 'செவிகொடு' என்பதை அப்படியே 'கீழ்ப்படி' என்று மாற்றிச் சொல்லிவிட்டு, "கீழ்ப்படிந்தால் ஆசீர்வாதம்" என்று சுருக்கமாக முடித்துவிடுவார். கீழாகாமல் மேலாக வேண்டும் என்று அட்டை எடுத்தவனுக்குக் கீழே படி என்று பதில். கீழ்ப்படிதல், ஆசீர்வாதம் என்ற இந்த இரண்டு சொற்களும் எங்கிருந்து வந்தன, மூலத்தில் என்ன இருக்கிறது, நம் தமிழில் இதற்குச் சரியான சொல் எது என்று பார்த்துவிடலாம்.

முதலில் கீழ்ப்படிதல். கீழ் + படி, இரண்டுமே அசல் தமிழ், சந்தேகம் வேண்டாம். படிதல் என்றால் மேலே அலைந்துகொண்டிருந்தது இறங்கி ஓரிடத்தில் தங்குவது. குடத்தில் கலங்கல் தண்ணீரைப் பிடித்து வைத்தால் காலையில் வண்டல் அடியில் படிந்திருக்கும். எண்ணெய் வைத்தால் தலைமுடி படியும், காலரில் அழுக்குப் படியும். சந்தையில் இரண்டு பேர் பேரம் பேசி ஒரு தொகையில் வந்து நின்றால் விலை படிந்தது என்போம், இதில் யாரும் யாருக்கும் கீழே இல்லை என்பதைக் கவனியுங்கள். அந்தக் 'கீழ்' சேர்ந்ததும்தான் சொல்லுக்கு மேல், கீழ் என்று இரண்டு தட்டு வந்துவிடுகிறது. ஏறுகிற படியோடு இதை முடிச்சுப் போட்டு, "கீழ்ப்படியில் கால் வைத்தால்தான் மேல்படிக்குப் போகலாம்" என்று மேடையில் சொல்வதுண்டு. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சொல்லின் பிறப்பு அதுவல்ல.

எபிரெய மூலத்துக்குப் போனால் கீழும் இல்லை, படியும் இல்லை. அங்கே இருப்பது ஷாமா என்ற வினை. அதன் பொருள் கேட்டல், காதால் கேட்கிற சாதாரணக் கேட்டல். "இஸ்ரவேலே, கேள்" என்று உபாகமம் 6:4இல் தொடங்குகிற, யூதர்கள் தினமும் சொல்கிற ஜெபத்துக்கே ஷெமா என்றுதான் பெயர். விவிலிய எபிரெயத்தில் கீழ்ப்படிவதற்கென்று அன்றாடம் புழங்கிய தனி வினை கிடையாது, அந்த வேலையையும் ஷாமாவேதான் பார்த்தது. உபாகமம் 28:1இல் இந்த வினை இரட்டித்து வரும், ஷாமோஆ திஷ்மா, சொல்லுக்குச் சொல் வைத்தால் 'கேட்டுக் கேட்பாயானால்'. நம் பழைய மொழிபெயர்ப்பில் "உண்மையாய்ச் செவிகொடுப்பாயானால்" என்று போட்டிருக்கிறார்கள், நல்ல தமிழ்தான். அதே ஷாமா ஆபிரகாமிடம் வரும்போது "நீ என் சொல்லுக்குக் கீழ்ப்படிந்தபடியினால்" என்று ஆகிவிட்டது (ஆதியாகமம் 22:18). சொல் ஒன்று, தமிழில் வேஷம் இரண்டு.

இந்த மாற்றத்தில் நாம் எதை இழந்தோம் என்று தெரிய வேண்டுமென்றால் 1 சாமுவேல் 15ஐ ஒரு தடவை காதுக்காகவே வாசிக்க வேண்டும். அமலேக்கியரை அழித்து, ஆடு மாடு எதையும் மிச்சம் வைக்காதே என்று இஸ்ரவேலின் ராஜா சவுலுக்குக் கட்டளை. (அந்தக் கட்டளையே இன்றைக்கு வாசிக்கிற எவனுக்கும் தொண்டையில் சிக்குகிற ஒன்று, அதைத் தனியாகத்தான் பேச வேண்டும்.) சவுல் நல்ல ஆடுமாடுகளை ஒதுக்கி வைத்துக்கொண்டு, கர்த்தருடைய வார்த்தையை நிறைவேற்றிவிட்டேன் என்று தீர்க்கதரிசி சாமுவேலுக்கு முன்னால் வந்து நிற்கிறான். கிழவர் கேட்கிறார்: "அப்படியானால் என் காதுகளில் விழுகிற ஆடுகளின் சத்தமும், எனக்குக் கேட்கிற மாடுகளின் சத்தமும் என்ன?" இந்த 'எனக்குக் கேட்கிற' என்பதும் ஷாமாதான். அப்புறம் "கர்த்தருடைய சொல்லை ஏன் கேட்கவில்லை" என்கிறார், அதுவும் ஷாமா. "கேட்டேனே" என்று சாதிக்கிறான் சவுல், அதே ஷாமா. அதற்குப் பிறகுதான் எல்லாருக்கும் மனப்பாடமான அந்த வசனம் வருகிறது, "பலியைப்பார்க்கிலும் கீழ்ப்படிதலும், ஆட்டுக்கடாக்களின் நிணத்தைப்பார்க்கிலும் செவிகொடுத்தலும் உத்தமம்." இங்கே கீழ்ப்படிதல் என்று நிற்பது மறுபடியும் ஷாமா. கடைசியில் சவுல் ஒப்புக்கொள்கிறானே, ஜனங்களுக்குப் பயந்து அவர்கள் சொல்லைக் கேட்டேன் என்று, அங்கேயும் அதே வினை. முழு அதிகாரமும் ஒரே சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறது. அவன் காது செவிடாக இருக்கவில்லை, வேறு பக்கம் திரும்பியிருந்தது, அவ்வளவுதான். ஆட்டுச் சத்தம் கிழவருக்குக் கேட்டது, அவனுக்குக் கேட்கவில்லை. 'கீழ்ப்படிதல்' என்று ஒரே ஒரு இடத்தில் மாற்றி எழுதியதில் இந்தச் சங்கிலி நமக்கு அறுந்துபோனது.

இதில் எனக்கு வருத்தம் என்னவென்றால், சங்கிலியை அப்படியே வைத்திருக்கத் தோதான சொல் தமிழில் ஏற்கெனவே இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை எந்தக் கோயில் வாசலில் வேண்டுமானாலும் நின்று பாருங்கள், செருப்பைக் கழற்றாமல் உள்ளே ஓடுகிற பிள்ளையைப் பிடித்து அம்மா சொல்வார்: "சொன்னா கேக்க மாட்டியா?" அந்தப் பிள்ளைக்குக் காது நன்றாகவே கேட்கிறது, அது அம்மாவுக்கும் தெரியும். கேட்டல் என்றால் காதில் விழுவது மட்டும் இல்லை, விழுந்ததன்படி நடப்பது என்று எபிரெயம் சொல்வதை நாம் வீட்டில் தினமும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். 'பேச்சைக் கேட்கிற பிள்ளை', 'யார் சொல்லியும் கேட்கமாட்டான்', 'அண்ணன் சொன்னால் கேட்பான்'. ஷாமாவுக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ் வேறு என்ன வேண்டும்?

அதோடு இந்தக் 'கேள்' இன்னொரு பக்கமும் திரும்பும். "கேளுங்கள், அப்பொழுது உங்களுக்குக் கொடுக்கப்படும்" என்பதில் கேட்பது விண்ணப்பம். கடவுள் சொல்வதையும் கேட்கிறோம், கடவுளிடமும் கேட்கிறோம், இரண்டுக்கும் ஒரே வினையை வைத்திருப்பது தமிழின் அதிர்ஷ்டம், கிரேக்கத்தில் இந்த இரண்டும் வேறு வேறு சொற்கள். கேள்வி என்றால் இன்று வினா. ஆனால் திருக்குறளின் 42ஆம் அதிகாரத்துக்குக் கேள்வி என்று பெயர் வைத்தபோது அது காதால் கேட்டு அறிவதைக் குறித்தது, 'செல்வத்துள் செல்வம் செவிச்செல்வம்' வருவது அங்கேதான்.

சரி, ஆசீர்வாதத்துக்கு வருவோம். இது சமஸ்கிருதம். ஆசிஸ் என்றால் நன்மை கோருதல், வாதம் என்றால் சொல்லுதல். நல்லது நடக்கட்டும் என்று வாயால் சொல்வதுதான் ஆசீர்வாதம். கிரேக்கத்தில் யூலோகியா, 'நல்' + 'சொல்'. லத்தீனில் பெனெதிக்சியோ, அதுவும் நல்லதைச் சொல்லுதல். மூன்று மொழியிலும் ஆசீர்வாதம் என்பது முதலில் ஒரு பேச்சு. வீடு, கார், விசா எல்லாம் பிற்பாடு வந்து ஏறிக்கொண்ட அர்த்தங்கள், 'எங்களுக்கு ஒரு ஆசீர்வாதம் கிடைத்தது' என்று சாட்சி சொன்னால் கேட்கிறவர் 'எத்தனை சென்ட்' என்று மனசுக்குள் கணக்குப் போடுகிற நிலைமைக்கு இப்போது வந்திருக்கிறோம்.

இப்போது இரண்டு சொல்லையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்று கேட்டல், இன்னொன்று சொல்லுதல். கேட்கிறவனுக்குத்தான் சொன்னது போய்ச் சேரும், இது கூலியும் இல்லை, பரிசும் இல்லை. அப்பா பக்கத்தில் இருந்துகொண்டு பேசுகிறார், பிள்ளை காதில் ஹெட்போன் மாட்டியிருக்கிறது, அப்பா நல்லதையே சொன்னாலும் என்ன பிரயோஜனம்? உபாகமம் 28:2 இதை இன்னும் அழகாகச் சொல்கிறது, ஆசீர்வாதங்கள் "உன்மேல் வந்து உனக்குப் பலிக்கும்" என்று. 'பலிக்கும்' என்று வந்த இடத்தில் எபிரெயத்தில் இருப்பது எட்டிப் பிடிக்கும் என்கிற வினை, பின்னால் ஓடிவந்து தோளைத் தொடுகிற மாதிரி. நாம் அதைத் துரத்த வேண்டியதில்லை என்று அர்த்தம். அடுத்த சில வசனங்களில் என்னென்ன ஆசீர்வதிக்கப்படும் என்று பட்டியல் வருகிறது, அதில் எனக்குப் பிடித்தது "உன் கூடையும், மாப்பிசைகிற உன் தொட்டியும்". மாவு பிசைகிற தொட்டி! அவ்வளவு சாதாரணமான சாமான். அட்டையில் இதைப் போடமாட்டார்கள்.

ஆனால் அதே அதிகாரத்தில் ஆசீர்வாதத்துக்கு 14 வசனம், கேட்காதவனுக்கு வருகிற சாபத்துக்கு 54 வசனம் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதை வைத்துத் தலைகீழாகக் கணக்குப் போட்டவர்கள் யோபுவின் நண்பர்கள்: கஷ்டம் வந்திருக்கிறது, அதனால் நீ கேட்காமல் போயிருப்பாய். புத்தகத்தின் முடிவில் கடவுளின் கோபம் அந்த நண்பர்கள்மேல்தான் விழுகிறது. வியாதிக்காரர் படுக்கைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு "எங்கேயோ கீழ்ப்படியாமை இருக்கு, யோசிச்சுப் பாருங்க" என்று சொல்கிற ஆட்கள் யோபுவின் அந்தக் கடைசி அதிகாரத்தை வாசிப்பதே இல்லை போலிருக்கிறது.

புதிய ஏற்பாட்டின் கிரேக்கத்தில் கதை கொஞ்சம் மாறுகிறது. ஹுபகூவோ என்ற வினை, ஹுபோ என்றால் கீழ், அகூவோ என்றால் கேள். ஆக 'கீழ்' இங்கேதான் நுழைகிறது, ஆனால் கேட்டலை விடாமல். அதற்கு எதிர்ச்சொல் பரகோஏ, ஒதுங்கிப்போன கேட்டல், காதில் வாங்காமை. ரோமர் 5:19இல் ஆதாமின் கீழ்ப்படியாமையும் கிறிஸ்துவின் கீழ்ப்படிதலும் என்று நாம் வாசிப்பது மூலத்தில் இந்த இரண்டு விதக் காதுகள்.

கோளாறு வேறு இடத்தில். எபேசியர் 6:1இல் பிள்ளைகளுக்குச் சொன்னது ஹுபகூவோ. 5:21இல் "ஒருவருக்கொருவர்" என்று எல்லாருக்கும் சொல்லி, அதன் தொடர்ச்சியாக மனைவிகளுக்குச் சொன்னது ஹுபொடஸ்ஸோ, தன்னைக் கீழ் வரிசையில் வைத்துக்கொள்வது. அப்போஸ்தலர் 5:29இல் "மனுஷருக்குக் கீழ்ப்படிகிறதைப்பார்க்கிலும் தேவனுக்குக் கீழ்ப்படிகிறதே அவசியம்" என்று பேதுரு சொன்னது பெய்தார்கேயோ, அதிகாரத்தில் இருப்பவருக்கு அடங்குவது. மூன்று கிரேக்கச் சொற்கள், பழைய தமிழ் மொழிபெயர்ப்பில் மூன்றுக்கும் கீழ்ப்படிதான். மனைவியும் பிள்ளையும் ஒரே வினைக்குள் அடைபட்டுப்போனார்கள், அதை வைத்து எத்தனை வீட்டில் வாயை அடைத்திருக்கிறார்கள் என்று உங்களுக்கே தெரியும், 5:21இல் அதே வினை கணவனையும் சேர்த்துத்தான் பேசுகிறது என்பதை மட்டும் யாரும் எடுத்துக் காட்டமாட்டார்கள். 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்பு மனைவிகளிடத்தில் 'பணிந்திருங்கள்' என்று பிரித்துக் காட்டியது, அந்த அளவுக்கு நல்லது.

அப்படியானால் எந்தச் சொல்லைப் புழங்கலாம்? என் அபிப்பிராயம் இது. ஷாமா, ஹுபகூவோ வருகிற இடங்களில் 'சொல் கேட்டல்', 'கேட்டு நடத்தல்'. கொஞ்சம் கம்பீரம் வேண்டுமென்றால் 'செவிசாய்த்தல்'. ஹுபொடஸ்ஸோவுக்குப் பணிதல். கீழ்ப்படிதலைத் தூக்கி எறியச் சொல்லவில்லை, "சிலுவையின் மரணபரியந்தமும் கீழ்ப்படிந்தவராகி" என்று பிலிப்பியரில் வரும் இடத்தில் அந்தக் 'கீழ்' நிஜமாகவே தேவைப்படுகிறது, இறங்கி வருவதைப் பற்றித்தான் அங்கே பேச்சே.

ஆசீர்வாதத்துக்கு 'ஆசி' என்று போட்டால் தனித்தமிழ் ஆகிவிட்டது என்று சிலர் நினைக்கிறார்கள். ஆசியும் அதே ஆசிஸ்தான், வாலை வெட்டியிருக்கிறோம். சரியான தமிழ் 'வாழ்த்து'. தாழ், தாழ்த்து என்பதுபோல வாழ், வாழ்த்து: வாழவைக்கிற சொல். இன்னொரு பொருத்தமும் உண்டு. எபிரெயத்தில் பாரக் என்ற ஒரே வினை இரண்டு திசையிலும் போகும், கடவுள் மனுஷனை பாரக் செய்வார், மனுஷனும் கடவுளை பாரக் செய்வான். 103ஆம் சங்கீதத்தில் "என் ஆத்துமாவே, கர்த்தரை ஸ்தோத்திரி" என்று வருவது அந்தப் பாரக்தான், கடவுளைப் போய் ஆசீர்வதிக்க முடியாதே என்று மொழிபெயர்த்தவர்கள் சொல்லை மாற்றிவிட்டார்கள். வாழ்த்துக்கு இந்தச் சங்கடம் இல்லை, பாட்டி பேரனை வாழ்த்தலாம், 'கடவுள் வாழ்த்து' என்பதும் நமக்குப் பழகின சொல்தான். பாக்கியவான் என்று வருகிற இடங்களுக்குப் பொது மொழிபெயர்ப்பின் 'பேறுபெற்றோர்' இருக்கிறது. அதை வைத்துப் பார்த்தால் லூக்கா 11:28 இப்படி வரும்: கடவுளின் வார்த்தையைக் கேட்டு அதைக் காத்துக்கொள்கிறவர்களே பேறுபெற்றோர். கேட்டலும் பேறும் ஒரே வரியில், நடுவில் கீழும் இல்லை மேலும் இல்லை.

ஹுபகூவோ வருகிற இன்னொரு இடம் இருக்கிறது, பிரசங்கத்தில் அதிகம் அடிபடாத இடம். அப்போஸ்தலர் 12இல் பேதுரு சிறையிலிருந்து தப்பி வந்து ராத்திரியில் கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற பெண் யாரென்று கேட்க எழுந்து வருகிறாள், அந்த 'கேட்க' என்ற இடத்தில் நிற்பது ஹுபகூவோ. குரல் பேதுருவுடையது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தோஷத்தில் கதவைத் திறக்காமலே உள்ளே ஓடிப்போய், ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தவர்களிடம் பேதுரு வந்திருக்கிறார் என்கிறாள், நீ பிதற்றுகிறாய் என்கிறார்கள் அவர்கள். பேதுரு வெளியே நின்று தட்டிக்கொண்டே இருக்கிறார்.